ஹோவர்கிராஃப்ட் மாதிரி: ஸ்கர்ட் உப்புகிறது, வண்டி எழும்பவில்லை

அறிவியல்அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இப்போது உராய்வுப் பாடம் நடக்கிறது. உராய்வு இல்லாவிட்டால் தள்ளிவிட்ட பொருள் போய்க்கொண்டே இருக்கும் என்று புத்தகத்தில் இருப்பதை அவள் ஏற்கவில்லை. "நான் பார்த்த எல்லாமே நின்றுதானே போகிறது? நிற்காத ஒன்றைக் காட்டு, நம்புகிறேன்" என்றாள். நியாயமான கேள்வி. அதனால்தான் காற்றின் மேல் மிதந்து போகும் வண்டியான ஹோவர்கிராஃப்டின் மாதிரியைச் செய்ய இறங்கினோம்.

முதலில் பழைய சிடி, அதன் நடு ஓட்டையின் மேல் ஒட்டிய தண்ணீர் பாட்டிலின் இழுத்துத் திறக்கும் மூடி, அதில் மாட்டிய ஒரு பலூன். அது மிதந்தது. விரலால் சுண்டினால் மேசையின் அந்த முனை வரை வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. சும்மா வைத்தாலும் எப்போதும் ஒரே பக்கமாக நகர்கிறது.

அடுத்து ஃபேன் வைத்துப் பெரிதாக ஒன்று செய்தோம். அங்கேதான் சிக்கல். 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலத்தில் 3 மி.மீ. பிளைவுட். நடுவில் வட்டமாக அறுத்து, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 80 மி.மீ. ஃபேன் (12 வோல்ட்). அடியில் பிளாஸ்டிக் ஷீட்டை ஓரங்களில் ஒட்டி ஸ்கர்ட். பின்னால் தள்ளுவதற்குச் சின்ன மோட்டாரும் ப்ரொப்பெல்லரும். ஃபேனுக்கு 9 வோல்ட் சதுர பேட்டரி. சமையலறைத் தராசில் வைத்தால் மொத்தம் 300 கிராம்.

சுவிட்ச் போட்டால் ஸ்கர்ட் கொஞ்சம் உப்புகிறது, அவ்வளவுதான். தள்ளினால் தரையில் உரசுகிறது. கையால் லேசாகத் தூக்கிப் பிடித்தால் மட்டும் நன்றாக வழுக்குகிறது. பக்கத்தில் இன்னொரு ஃபேன் வைத்தால் எழும்பிவிடுமா? அதற்குள் மகள் கேட்ட இன்னொரு கேள்விக்கும் பதில் வேண்டும்: காற்றைக் கீழே ஊதுவதால்தான் எழும்புகிறது என்றால், இதுவும் ராக்கெட்டும் ஒன்றுதானா?

காற்றுக்குழாய் எழுதியது:

கையால் லேசாகத் தூக்கினால் வழுக்குகிறது என்று எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. உங்கள் வண்டிக்குத் தூக்கும் விசை போதவில்லை. எவ்வளவு போதவில்லை என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

நான் கட்டடங்களுக்குக் காற்றோட்டக் குழாய் அமைக்கிறவன். எங்கள் வேலையில் காற்றழுத்தத்தைத் தண்ணீர் உயரத்தில்தான் சொல்வோம்: இத்தனை மி.மீ. தண்ணீர் என்று. ஹோவர்கிராஃப்டுக்கு இதைவிட வசதியான அளவு கிடையாது. ஒரு சதுர செ.மீ. பரப்பின் மேல் 1 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் எடை 1 கிராம். ஆகவே வண்டியின் எடையைக் கிராமில் எடுத்து, பரப்பைச் சதுர செ.மீ.யில் எடுத்து வகுத்தால், எத்தனை செ.மீ. தண்ணீர் அழுத்தம் வேண்டும் என்பது நேராக வந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது தாராளமாகப் புரியும்.

உங்கள் வண்டி 300 கிராம், பரப்பு 600 சதுர செ.மீ. வகுத்தால் 0.5 செ.மீ., அதாவது 5 மி.மீ. தண்ணீர். கேட்கும்போது ஒன்றுமில்லாத அழுத்தம் போலத் தெரியும். ஆனால் 80 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன்கள் பெரும்பாலும் 2, 3 மி.மீ. தண்ணீருக்கு மேல் தாங்காது. அதுவும் காற்று வெளியே போக வழியே இல்லாமல் முழுசாக அடைத்துவைத்தால் வருகிற உச்ச அளவு. காற்று ஓட ஓட அழுத்தம் இறங்கும். அது போதாதென்று 12 வோல்ட் ஃபேனை 9 வோல்ட்டில் ஓட்டுகிறீர்கள். ஃபேனின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் முக்கால் பங்கானால் அழுத்தம் ஏறக்குறைய பாதிக்கு (0.75 × 0.75 = 0.56) வந்துவிடும். தேவை 5, கையில் இருப்பது ஒன்றரை. எழும்பாததில் வியப்பில்லை.

பக்கத்தில் இன்னொரு ஃபேன் வைத்தால் காற்றின் அளவு கூடும், அழுத்தம் கூடாது. இரண்டு ஃபேனும் ஒரே அறைக்குள்தான் ஊதுகின்றன. ஒன்றால் 2 மி.மீ.க்கு மேல் தள்ள முடியாதென்றால் அதே போன்ற இன்னொன்றாலும் முடியாது. ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் அழுத்தம் ஓரளவு கூடும். ஆனால் அந்த ஃபேனின் எடையையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமே.

ராக்கெட் கேள்வி அருமையானது. அவளையே சோதிக்கச் சொல்லுங்கள். ஃபேனை நான்கு சின்னக் கட்டைகளின் மேல், மேல்நோக்கி ஊதும்படி தராசில் வையுங்கள். தராசைப் பூஜ்யமாக்கிவிட்டு சுவிட்ச் போடுங்கள். காற்றை மேலே தள்ளுவதற்கு எதிர்விசையாக ஃபேன் தராசை அழுத்தும். பத்து கிராம்கூடத் தேறாது. ராக்கெட் வழியில் கிடைப்பது அவ்வளவுதான். அதே ஃபேன் வெறும் 1 மி.மீ. தண்ணீர் அழுத்தத்தை 600 சதுர செ.மீ.யில் பரப்பினால் 60 கிராமைத் தூக்கும். ஆக, தூக்குவது கீழே பாயும் காற்றின் வேகம் அல்ல, அடியில் மாட்டிக்கொண்ட காற்றின் அழுத்தம்.

மாட்டிக்கொண்ட காற்று சும்மா இருக்காது, ஓரம் வழியாகத் தப்பிக்கும். நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதைத்தான்: ஃபேனைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். 5 மி.மீ. தண்ணீர் அழுத்தத்தில் காற்று வினாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வெளியேறும். உங்கள் பலகையின் சுற்றளவு 1 மீட்டர். சுற்றிலும் 1 மி.மீ. இடைவெளி விட்டால் திறப்பு 10 சதுர செ.மீ. ஆகிறது. அதன் வழியே வினாடிக்கு 9 லிட்டர் வரை போகலாம். 2 மி.மீ. இடைவெளி என்றால் 18 லிட்டர். ஒரு மில்லிமீட்டர் கவனக்குறைவுக்கு இன்னொரு ஃபேன் விலையாகப் போகிறது. இதனால்தான் ஸ்கர்ட் தேவைப்படுகிறது.

இனிச் செய்ய வேண்டியது. பிளைவுட்டைத் தூக்கி வைத்துவிட்டு, 2 செ.மீ. தடிமன் தெர்மாகோலில் 45 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வெட்டுங்கள். ஐம்பது அறுபது கிராம்தான் இருக்கும். வட்டம் என்று சொல்வதற்குக் காரணம், ஒரே பரப்புக்கு வட்டத்துக்குத்தான் சுற்றளவு குறைவு. காற்று கசியும் ஓரமும் குறைவு. மூலைகளில் ஸ்கர்ட் சுருங்கி மடிந்து கசிகிற தொல்லையும் இல்லை.

ஸ்கர்ட்டை வெறும் தொங்கலாக விடாதீர்கள். மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டைத் தட்டின் அடி முழுவதும் போர்த்தி ஓரத்தில் சுற்றிலும் டேப் போட்டு ஒட்டுங்கள். விறைப்பாக இழுக்க வேண்டாம், நடுவில் பிடித்து இழுத்தால் மூன்று நான்கு செ.மீ. இறங்கும் அளவுக்குத் தளர்வு வேண்டும். நடுவில் 10 செ.மீ. விட்டமுள்ள அட்டை வட்டத்தை வைத்து ஷீட்டைத் தட்டோடு சேர்த்து இறுக்குங்கள். அந்த அட்டைக்கு வெளியே ஒட்டி, ஷீட்டில் 1.5 செ.மீ. அளவில் ஆறு ஓட்டைகள். ஃபேன் நடுவில் வராது, அட்டை மறைக்கும். கொஞ்சம் தள்ளி வையுங்கள். காற்று முதலில் ஷீட்டுக்குள் நிரம்பி வளையமாக உப்பும், பிறகு ஓட்டைகள் வழியே அடியில் இறங்கி, வளையத்துக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய படலமாகக் கசியும். தெர்மாகோலில் கரைப்பான் கலந்த கோந்து படக்கூடாது, உருகிவிடும். வெள்ளைக் கோந்து போதும்.

ஒரு விஷயம் கவனியுங்கள்: கணக்கில் போட வேண்டிய பரப்பு தட்டின் பரப்பு அல்ல, அந்த வளையம் தரையைத் தொடும் வட்டத்துக்கு உள்ளே இருக்கும் பரப்பு. தரையில் டால்கம் பவுடர் லேசாகத் தூவி வண்டியை ஒரு கணம் இறக்கி எடுத்தால் வளையத்தின் தடம் தெளிவாக விழும். ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். 34 செ.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால் பரப்பு சுமார் 900 சதுர செ.மீ.

முதல் சோதனைக்குப் பேட்டரியும் வேண்டாம், பின் மோட்டாரும் வேண்டாம். 12 வோல்ட் அடாப்டரிலிருந்து மெல்லிய வயரை மேலிருந்து தொங்கவிட்டு ஓட்டுங்கள். எடை 140 கிராமுக்குள் நிற்கும். 140 ÷ 900 என்றால் ஒன்றரை மி.மீ. உங்கள் ஃபேனால் முடியும்.

வேகப்பிரியன் எழுதியது:

இவ்வளவு கணக்கு எதற்கு? ட்ரோன் மோட்டார் ஒன்றைப் போட்டால் பிளைவுட்டோடு சேர்த்துத் தூக்கிவிடும். நான் அப்படித்தான் செய்தேன், பறக்காத குறை.

காற்றுக்குழாய் எழுதியது:

தூக்கும், மறுக்கவில்லை. பந்தயம் விடுவதற்கு அதுதான் சரி. ஆனால் கசிவு எவ்வளவு இருந்தாலும் பலமான மோட்டார் அதை மறைத்துவிடும். ஏன் எழும்பியது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாமலே போகும். தேவைக்குச் சற்றே மேலான ஃபேன் இருந்தால்தான், பத்து கிராம் கூட்டினால் என்ன ஆகிறது, டேப் பிரிந்தால் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றும் கண்ணில் தெரியும். தவிர, ட்ரோன் ப்ரொப்பெல்லர் விரலை வெட்டும். கூண்டு இல்லாமல் பிள்ளைகள் பக்கத்தில் வைக்காதீர்கள்.

காற்றை ஓரத்தில் எப்படிக் கட்டுவது என்பதில்தான் இந்த வண்டியே பிறந்தது. 1955-ல் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் காக்கரெல் ஒரு தகர டப்பாவுக்குள் இன்னொரு சின்ன டப்பாவை வைத்து, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வளைய இடுக்கு வழியாகக் காற்றை ஊதி, சமையலறைத் தராசு வைத்து விசையை அளந்தார். ஒற்றை டப்பா வழியாக ஊதியதைவிட இடுக்கு வழியாக ஊதியதில் விசை கூடியது. ஓரத்தில் ஓடும் காற்றே திரைபோல நின்று உள்ளே இருக்கும் காற்றைக் காத்தது. அதை வைத்துச் செய்த எஸ்.ஆர்.என்.1 வண்டி 1959 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. நெகிழும் ஸ்கர்ட் அதற்குப் பிறகுதான் சேர்ந்தது.

இயற்பியல் டீச்சர் எழுதியது:

ஃபேன் வண்டியைப் பற்றி மேலே நன்றாகச் சொல்லிவிட்டார். சிடி வண்டியை ஒதுக்கிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு விடை அதில்தான் எளிதாகக் கிடைக்கும்.

மேலே சொன்ன அதே வகுத்தலை சிடிக்கும் போடுங்கள். மூடி, பலூன் எல்லாம் சேர்த்து 20 கிராம் சுற்றி, பரப்பு 113 சதுர செ.மீ. தேவை 2 மி.மீ. தண்ணீர்கூட இல்லை. ஊதிய பலூனுக்குள் இருப்பதோ 200, 300 மி.மீ. நூறு மடங்குக்கு மேல் அழுத்தம் இருக்கிறது, காற்றுதான் வீணாகிறது. எனவே வழியைக் குறுக்குங்கள். மூடியின் வாயை டேப்பால் மூடி நடுவில் 3 மி.மீ. ஓட்டை போடுங்கள். 25 செ.மீ. விட்டத்துக்கு ஊதிய பலூன் அரை நிமிடம் வரை தாங்கும். மூடியை ஒட்டிய இடத்தில் கசிவு இருக்கிறதா என்று ஒரு மெல்லிய டிஷ்யூ தாள் கீற்றைக் காட்டிப் பாருங்கள், கசிந்தால் படபடக்கும். சிடியின் ஒரு பக்கத்தில் நடு ஓட்டையைச் சுற்றி மெல்லிய வரம்பு ஒன்று நகத்தில் தட்டுப்படும். வரம்பு இல்லாத பக்கம் தரையைப் பார்த்து இருக்கட்டும். மிதக்கும்போது அடியில் ஒரு தாளை மெதுவாக நுழைக்கச் சொல்லுங்கள். தாள் உள்ளே போவதைப் பார்க்கும்போது, வண்டி தரையைத் தொடவில்லை என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்காது.

ஒரே பக்கம் நகர்வதற்குக் காரணம் உங்கள் மேசை. 1 மீட்டர் நீளத்தில் ஒரு முனை 5 மி.மீ. தாழ்ந்திருந்தாலும், உராய்வு இல்லாத பொருள் 3 வினாடியில் 22 செ.மீ. நகர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத சரிவை சிடி கண்டுபிடித்துவிடுகிறது. மேசைக் காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்து, சிடி எந்தப் பக்கமும் போகாமல் நிற்கும் வரை சரிசெய்யுங்கள். இந்த வேலையை மகளிடமே கொடுங்கள். சமதளம் என்றால் என்ன என்பதைக் கையால் உணர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பிறகு மேசையோரம் ஸ்கேல் வைத்து, போனை மேலிருந்து நேராகப் பிடித்து வீடியோ எடுங்கள். வினாடிக்கு 30 படம் என்றால், பத்துப் பத்துப் படமாக நகர்த்தி சிடியின் இடத்தைக் குறியுங்கள். இடைவெளிகள் ஏறக்குறைய சமமாக வரும். மிகச் சரியாகச் சமமாக வராது, போகப்போகக் கொஞ்சம் சுருங்கும். அதை மறைக்காதீர்கள், பாடமே அதில்தான் இருக்கிறது. தரையின் உராய்வு போய்விட்டது, ஆனால் பலூன் பெரிது, அறையின் காற்று அதைத் தடுக்கிறது. இப்போது சிடியின் மேல் சுற்றிலும் சமமாகச் சில நாணயங்களை ஒட்டுங்கள். மொத்தம் 60 கிராம் வந்தாலும் தேவை 5 மி.மீ.தான், பலூனுக்குப் பொருட்டில்லை. அதே வேகத்தில் தள்ளி மறுபடி குறியுங்கள். சுருக்கம் குறைந்திருக்கும். காற்றுத்தடை அப்படியே இருக்க, நிறை மட்டும் கூடியதால் வேகம் குறைவதும் மெதுவாகிறது. கனமான பொருள் சீக்கிரம் நிற்கும் என்று நினைத்திருந்தால், அந்த நினைப்பை இந்தச் சோதனை மாற்றிவிடும்.

அறிவியல்அம்மா எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. தெர்மாகோல் தட்டு எழும்பிவிட்டது! அடாப்டர் வயரோடு 138 கிராம். பவுடர் தடம் 33 செ.மீ. விட்டம். மகள் போட்ட கணக்கில் 1.6 மி.மீ. தண்ணீர் வருகிறது. இந்த அழுத்தம் உள்ளே உண்மையிலேயே இருக்கிறதா என்று அளந்து பார்க்க ஆசைப்படுகிறாள். ஒன்றரை மி.மீ.யை எப்படி அளப்பது? இன்னொன்று, ஒரு ஓரம் மட்டும் லேசாக உரசுகிறது. பேட்டரியும் பின் மோட்டாரும் வைத்தால் இன்னும் மோசமாகுமோ?

காற்றுக்குழாய் எழுதியது:

கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. அளப்பதற்கு நாங்கள் செய்கிற அதே வழிதான்: குழாயைச் சாய்த்து வைப்பது. 4, 5 மி.மீ. உள்விட்டமுள்ள, கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றரை மீட்டர். ஒரு பலகையின் ஒரு முனையைத் தூக்கி, 10 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. ஏறும்படி சரிவாக்குங்கள். குழாயின் ஒரு பகுதியைச் சரிவின் மேல் நேராக ஒட்டுங்கள். அதன் கீழ்முனையில் குழாயை ஒரு சின்னத் தண்ணீர் டப்பாவின் அடியில் செருகி அடைத்துவிடுங்கள். டப்பா அகலமாக இருக்கட்டும், அப்போதுதான் அதன் மட்டம் அசையாது. டப்பாவின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். மூடி வழியாக இன்னொரு துண்டுக் குழாய் தட்டின் நடுவே, அட்டை வட்டத்தின் ஊடாகத் துளைத்து அடிப்பகுதிக்குப் போகட்டும். தண்ணீரில் நிறத்தோடு ஒரு துளி பாத்திர சோப்பும் கலக்க மறக்காதீர்கள். சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு நகரவே நகராது, நகர்ந்தால் திடுமென்று தாவும். சோப்புத் துளி விழுந்ததும் பாருங்கள், ஃபேனைப் போட்டவுடன் நிறக்கோடு சரிவில் மெல்ல ஊர்ந்து ஏறி ஓரிடத்தில் நிற்கும். 1.6 மி.மீ. உயரம் சரிவில் 16 மி.மீ. நீளமாகத் தெரியும். சாதாரண ஸ்கேலே போதும்.

அதற்குப் பிறகு தட்டின் நடுவில் 10 கிராம், 20 கிராம் என்று எடை ஏற்றிக்கொண்டே அழுத்தத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். வரைபடம் நேர்கோடாக ஏறி, ஓரிடத்தில் மடங்கும். அங்கேதான் ஃபேனின் வலு தீர்ந்து வளையம் தரையில் அமர ஆரம்பிக்கிறது. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் எவ்வளவு இடம் மிச்சம் என்பதை அந்த மடங்கும் இடமே சொல்லிவிடும்.

ஓரம் உரசுவது ஃபேனின் எடையால். அதை நடுவிலிருந்து தள்ளி வைத்திருக்கிறீர்கள் அல்லவா? எதிர்ப்பக்கத்தில் நாணயத்தை நகர்த்தி நகர்த்தி வைத்து, உரசல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பேட்டரியை அந்த இடத்திலேயே பொருத்திவிடலாம், தனியாக எடை தேவைப்படாது. சதுர 9 வோல்ட் பேட்டரி வேண்டாம். 11.1 வோல்ட் தரும் சின்ன லித்தியம் பேட்டரி பொருத்தம். அதன் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று தொட்டுவிடக் கூடாது, அதற்கான சார்ஜரில்தான் ஏற்ற வேண்டும், சார்ஜ் ஆகும்போது பெரியவர் யாராவது கூடவே இருக்க வேண்டும்.

இயற்பியல் டீச்சர் எழுதியது:

பின் மோட்டாரைப் பொருத்தும்போது ஒன்று நடக்கும், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். ப்ரொப்பெல்லர் துளியளவு கோணலாக இருந்தாலும் வண்டி சுழல ஆரம்பிக்கும். தரையைப் பிடித்து நிறுத்த உராய்வு இல்லையே. ப்ரொப்பெல்லருக்கு நேர் பின்னால், அது தள்ளும் காற்றிலேயே நிற்கும்படி இரண்டு அட்டைச் சுக்கான்கள் வையுங்கள். வேறெங்கே வைத்தாலும் வேலை செய்யாது. சுக்கானைத் திருப்பினால் வண்டியின் மூக்கு உடனே திரும்பும், வண்டி மட்டும் பழைய திசையிலேயே பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கும். "ஏன் திரும்பியும் திரும்பவில்லை?" என்று உங்கள் மகள் கேட்பாள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். வீடியோ எடுத்து, அதே பத்துப் பத்துப் படக் கணக்கில் குறிக்கச் சொல்லுங்கள்.